கிளெனிஸும் வீட்டுக்குப் போகக் கூடாத பன்றித் தொடையும்

என் பெயர் டேரன் என்பது வரி அலுவலகத்துக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் சின்ன ஊர் குர்ரபூலில் மற்ற எல்லாருக்கும் நான் "தொடை". அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிற பொடிசுகூட "என்ன தொடை, சௌக்கியமா?" என்று கேட்கிறது. டயர் கடை வாசலில் என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்தேன். ஒருத்தனும் படிக்கவில்லை. இதற்கெல்லாம் காரணம் கிளெனிஸ் பாஸ்கோ. இந்த வருத்தத்தைப் பல வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்கிற உத்தேசம் இன்றைக்கும் இல்லை.

ஜீலாங் நகரத்திலிருந்து வந்து இந்தக் கடையை வாங்கிய முதல் வருடம் நடந்தது அது. சாமான்களை லாரியிலிருந்து இறக்கி முடிக்கவில்லை, அதற்குள் வந்து நின்றாள். குள்ளம், நல்ல அகலம், தலையில் ஒரு பழைய வெயில் தொப்பி.

"ஏலத்துக்கு ரெண்டு டயரா, நாலு டயரா?" என்றாள்.

"ரெண்டு" என்றேன்.

"சரி" என்று போய்விட்டாள். அவள் தெரு முனை திரும்பின பிறகுதான் எனக்கு உறைத்தது. தர்றியா என்று அவள் கேட்கவே இல்லை.

கோதுமை அறுவடை முடிந்து கிறிஸ்துமஸ் வருவதற்குள் ஒரு சனிக்கிழமை, கால்பந்துக் கிளப் மண்டபத்தில் அந்த ஏலம் நடக்கும். அந்த வருடம் தீயணைப்புத் தொண்டர்களுக்குத் தண்ணீர் வண்டி வாங்குவதற்காக. என் இரண்டு டயர் என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்கத்தான் போனேன். நடுவில் கசாப்புக்கடை நெவில் கொடுத்த பன்றித் தொடை வந்தது. தேன் தடவி, புகைபோட்டு, வெள்ளைத் துணிப்பையில் போட்டுப் பிறந்த குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிற டக்கிதான் இங்கேயும். ஒருத்தன் கேட்டான், இன்னொருத்தன் கேட்டான், நானும் கேட்டேன். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எனக்கு விழுந்துவிட்டது.

டக்கி என்னையே பார்த்தான். மண்டபமே என்னைப் பார்த்தது. புது ஆளை வாழ்த்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து கையை ஆட்டினேன். போய்த் தொடையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு விழுந்த அமைதி இருக்கிறதே, மின்விசிறி சுற்றுகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ "திரும்ப விடுப்பா!" என்றார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஏலம் முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய், கடுகு அரைத்த விழுதைத் தொட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் தின்றோம்.

அந்தத் தொடை தின்பதற்கு இல்லையாம். அதை வாங்குகிறவன் காசைக் கொடுத்துவிட்டு "திரும்ப விடு!" என்று கத்த வேண்டுமாம். டக்கி மறுபடி ஏலம் விடுவான். அடுத்தவன் வாங்கி அவனும் "திரும்ப விடு!" என்பான். இப்படியே ராத்திரி முழுக்க ஒரே தொடை ஊரைச் சுற்றும். மற்ற சாமான்கள் எல்லாம் சேர்ந்து கொண்டு வருகிற காசை அது ஒன்றே கொண்டுவரும். கடைசியில் ஊர் களைத்துப் போனதும் முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போகும். நான் தின்ற வருடம் கிழவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு டப்பா மீன் போட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்கள். பொய். கோழி போட்டார்கள். நான் விசாரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை கிளெனிஸ் கடைக்கு வந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"எதை?"

"திரும்ப விடணும்னு."

"அது எல்லாருக்கும் தெரியுமே."

"நான் புதுசு!"

"இந்த ஊருக்கு யாருடா புதுசா வர்றாங்க? இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு."

"இருக்கும். நாங்க யாரும் தின்னு பாத்ததே இல்ல." பெருமூச்சு விட்டாள். "சரி தொடை, உன் பிக்கப் வண்டி ஞாயித்துக்கிழமையில சும்மாதானே நிக்குது?"

பெயர் வைத்ததும் அவள்தான், வேலை கொடுத்ததும் அவள்தான், இரண்டும் ஒரே மூச்சில். அன்றிலிருந்து ஏலச் சாமான் ஏற்றுகிறவன் நான்.

கிளெனிஸ் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் குர்ரபூலில். அறுவடைக் காலத்தில் தானியக் குதிரில் எடைமேடை வேலை, மற்ற நாளில் பள்ளிக்கூடக் கேன்டீனில் இறைச்சி அப்பம் விற்கிற வேலை. ஆல்பி பாஸ்கோ கோதுமை லாரி ஓட்டிக்கொண்டு எடைமேடையில் ஏறினபோதுதான் அவளைப் பார்த்தானாம். "இறங்கு, உன்னையும் சேர்த்து எடை போட முடியாது" என்றாளாம் இவள். "இறங்குனா உன் மூஞ்சி தெரியாதே" என்றானாம் அவன். பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தும் இறங்கவில்லையாம். இதை ஆல்பி சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் லாரி வரிசை நீண்டுகொண்டே போகும். கிளெனிஸ், "பொய்யப் பாரு, பின்னாடி ஒரே ஒரு டிராக்டர்தான்" என்பாள்.

சாமான் கேட்பதில் அவளுக்கு ஒரு வழி உண்டு. கொடுப்பாயா என்று கேட்கவே மாட்டாள். கொடுப்பது முடிவாகிவிட்டது, மிச்சம் சில்லறை விஷயம்தான் என்பதுபோல நுழைவாள். முடிதிருத்தும் கடையில் போய், "இலவச முடிவெட்டுச் சீட்டை மஞ்சள் அட்டையில அடிக்கட்டுமா, நீலத்துலயா?" என்பாள். லிண்ட்சே என்ற விவசாயியிடம், "வைக்கோலுக்கு டிரெய்லர் செவ்வாய் அனுப்பவா, வியாழனா?" என்பாள். லிண்ட்சே மண்டையைச் சொறிந்துகொண்டு "வியாழன்" என்பான். வண்டி கிளம்பின பிறகு அவன் முகத்தைப் பக்கக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். முதல் நாள் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற ஆளும் இல்லை. பப் நடத்துகிற ஷெரில் ஒரு தடவை ஒயின் பாட்டிலை நீட்டினாள்.

"ஏய் ஷெரில், இது போன வருஷ ஏலத்துல நீ வாங்குனது."

"இல்லவே இல்ல."

"அடியில என் எழுத்து இருக்கு பாரு."

ஷெரில் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. "குடிக்க மனசு வரல கிளெனிஸ்."

"எனக்கும் விக்க மனசு வரல. ரெண்டு பேருக்கு சாப்பாடு குடு, வறுத்த உருளைக்கிழங்கோட."

ஒரே ஒரு சாமானிடம்தான் அவள் தோற்றாள். வெந்நீரில் பாதத்தை ஊற வைக்கிற மின்சாரத் தொட்டி ஒன்று. யார் முதலில் கொடுத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வருடா வருடம் யாராவது வாங்குவார்கள், அடுத்த வருடம் அவர்களே கொடுப்பார்கள். அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக்கூட ஒருத்தரும் பிரித்ததில்லை. ஏலத்துக்கு ஏலம் என் பிக்கப்பில் ஏறி இறங்கியே அந்தப் பெட்டியின் மூலை நசுங்கிவிட்டது.

பிறகு ஆல்பியின் சிறுநீரகம் பழுதானது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். மிஷின் இருப்பது ஹார்ஷமில், போக ஒன்றேகால் மணி நேரம், வரவும் அவ்வளவு. கிளெனிஸுக்குக் கண் மங்கி லைசென்ஸ் போய்விட்டது. ஆல்பியோ மிஷினை விட்டு எழுந்திருக்கும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பான். அவன் எங்கே ஓட்டுவது? நல்ல வேளையாக ஊர் வேன் ஒன்று இருந்தது. மிஷினுக்குப் போகிறவர்கள், கண் டாக்டரிடம் போகிறவர்கள், எல்லாரையும் அள்ளிக்கொண்டு விடிகாலையில் கிளம்பும். இரண்டு வருடம் ஆல்பி அதில் ஜன்னலோர சீட்டில் போய் வந்தான். மூன்றாம் வருடம் ஆகஸ்டில் வேனின் கியர்பாக்ஸ் உடைந்தது. நானே அடியில் படுத்துப் பார்த்தேன். அந்த வேனுக்குச் செலவழிப்பது செத்த மாட்டுக்குப் புல் வாங்குவது மாதிரி.

ஒரு கூட்டம் போட்டார்கள். புது வேன் விலையில் பாதியைக் கவுன்சில் தரும், மீதியைக் கிறிஸ்துமஸுக்குள் ஏலத்தில் ஊர் சேர்க்க வேண்டும் என்று முடிவானது. அதுவரைக்கும் ஆளுக்கொரு நாள் முறை வைத்து நாங்களே ஓட்டிக்கொண்டு போனோம். அறுவடை தொடங்கினால் அதுவும் தள்ளாடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் முறை வந்த ஒரு புதன்கிழமை, திரும்பும் வழியில் ஆல்பி கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "ஹார்ஷம்ல ஒரு சின்ன வீடு பாக்கலாம்னு எங்க பொண்ணு சொல்றா."

"போறீங்களா?"

"எதுக்கு? அங்க எனக்கு ஒரு நாயையும் தெரியாது, மனுசனையும் தெரியாது." வெளியே கோதுமை பழுத்து நின்றது. "வேன் வரலன்னா நான் மிஷினுக்குப் போறதையே நிறுத்திடுவேன். கிளெனிஸ்கிட்ட சொல்லிட்டேன்."

பேப்பர் போடுகிற பையனை நிறுத்தப் போகிறவன் மாதிரி சொன்னான். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ரேடியோவைப் போட்டேன். ஆட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கிளெனிஸ் கடைக்கு வந்து, டயர் அடுக்கு மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் சாமான் நீ கேளு" என்றாள்.

"நானா? நான் கேட்டா அடிக்க வந்தேன்னு நெனைப்பாங்க."

"சிரிச்சுக்கிட்டே கேளு."

"அது இன்னும் மோசம்."

அவள் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா அடுத்தவங்களுக்குக் கேட்டேன். தண்ணி வண்டிக்கு, பிள்ளைங்க ஊஞ்சலுக்கு. அது கேக்குறதே இல்ல, விளையாட்டு. இப்ப என் புருஷனுக்கு. நேத்து முடிவெட்டுற கடை வாசல் வரைக்கும் போனேன். உள்ள நுழைஞ்சா என்னைப் பாத்துப் பாவப்படுவாங்க. அப்படியே திரும்பிட்டேன்."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

அவளும் கூடவே வந்தாள், ஆனால் பிக்கப்பை விட்டு இறங்கவில்லை. சீட்டில் சறுக்கிப் படுத்துத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். முதல் கடை கசாப்புக்கடை.

"நெவில், ஏலத்துக்கு ஏதாவது தர முடியுமா?" என்றேன்.

"முடியாது" என்றான். இறைச்சி வெட்டுவதை நிறுத்தக்கூட இல்லை.

"தொடை?"

"உன்கிட்ட தொடை தர்றதும், நரிகிட்ட கோழி தர்றதும் ஒண்ணு." கடையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். "வண்டியில கிளெனிஸ் ஒளிஞ்சிருக்காளா?"

"இல்ல."

"தொப்பி தெரியுது."

வெளியே வந்தேன். தொப்பிக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "தர முடியுமான்னா கேட்ட? அறிவிருக்கா? முடியுமான்னு கேட்டா முடியாதுன்னுதான் சொல்லுவான். எத்தனை வருஷமா என்கூட சுத்துற!"

"அப்ப நீயே இறங்கிக் கேளு."

"ஓட்டு, ஓட்டு."

அடுத்த கடையில் அவள் வழியிலேயே கேட்டுப் பார்த்தேன். "மஞ்சள் அட்டையா, நீலமா?" என்றேன். முடிதிருத்துகிற பெண் பயந்துபோய், "எதுக்கு மஞ்சள்? என்ன ஆச்சு?" என்றாள். லிண்ட்சேயிடம், "செவ்வாயா, வியாழனா?" என்றேன். "ரெண்டு நாளும் நான் ஊர்ல இல்ல" என்றான். அவள் வாயில் வந்தால் அது வரம், என் வாயில் வந்தால் அது மிரட்டல்.

ஏலத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் கடைப் பின்கட்டில் சேர்ந்திருந்தது இவ்வளவுதான்: என் இரண்டு டயர், வாசனை மெழுகுவர்த்தி மூன்று பெட்டி, மூக்கு உடைந்த தோட்டத்துப் பொம்மை, அப்புறம் அந்தக் கால் ஊற வைக்கிற தொட்டி. கிளெனிஸ் வந்து பார்த்தாள். மெழுகுவர்த்தியை முகர்ந்தாள். பொம்மையின் மூக்கைத் தடவினாள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆல்பி நேத்து சட்டையெல்லாம் எடுத்துத் தனியா வெக்கிறான்" என்றாள். "இது லிண்ட்சேக்கு, இது உனக்குன்னு. உனக்கு நீலச் சட்டை."

"எனக்கு அந்தச் சட்டை பத்தாது."

"நானும் அதைத்தான் சொன்னேன்." எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டாள். "வண்டிய எடு."

இந்தத் தடவை நெவில் கடை வாசலில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே நல்ல கூட்டம். அவள் எல்லாரையும் தாண்டி முன்னால் போய் நின்றாள். என்ன சில்லறை விஷயம் கேட்டு மடக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நெவில், தொடை வேணும். வேன் வரலன்னா ஆல்பி மிஷினுக்குப் போறத நிறுத்திடுவான். எங்களுக்காகத்தான் கேக்குறேன். குடு."

நெவில் கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். உள்ளே போய் ஒரு தொடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் கடையில் இதுவரை நான் பார்த்ததிலேயே பெரிய தொடை.

"ஏன் இவ்வளவு லேட்டு? எப்பவோ புகைபோட்டுத் தொங்குது" என்றான். "நீ வந்து கேப்பன்னு நானும் பாக்குறேன், பாக்குறேன், இந்தத் தடியனை அனுப்புற. உனக்குக் கேக்க என்ன வெக்கம்? என்கிட்ட எத்தனை தடவை கேட்டிருக்க!"

"அது வேற."

"என்ன வேற? அதே மூஞ்சி, அதே தொப்பி."

வெளியே வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆச்சு?" என்றேன். "சாசேஜ்ல வெங்காயம் அதிகமா போடுறான்" என்றாள்.

அன்றைக்கு மெயின் தெரு முழுக்க நடந்தே போனாள். ஒவ்வொரு கடையிலும் அதே வார்த்தை, எங்களுக்காகத்தான் கேக்குறேன். நான் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். லிண்ட்சே வைக்கோலோடு ஒரு லோடு தைல மர விறகும் தந்தான். ஷெரில் சாப்பாடு தந்தாள், புதுப் பாட்டிலும் தந்தாள், அடியில் எழுத்து இல்லாதது. கடலோரத்தில் கேரவன் வைத்திருக்கிற ஒருத்தர் ஒரு வாரத் தங்கல் தந்தார். இரண்டு நாளில் என் பின்கட்டில் டயர் வைக்க இடமில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வாசல் வரை ஆள் நின்றது. நல்ல புழுக்கம். ஆல்பி முன் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். சாமான்கள் எல்லாம் நல்ல விலைக்குப் போயின. அந்தக் கால் தொட்டியையும் ஒரு புது டீச்சர் வாங்கினாள், பாவம். கடைசியில் நெவில் தொடையைக் கொண்டு வந்து, பையிலிருந்து வெளியே எடுத்து எல்லாருக்கும் காட்டினான். டக்கி ஆரம்பித்தான்.

முதலில் லிண்ட்சே வாங்கினான். "திரும்ப விடு!" ஷெரில் வாங்கினாள். "திரும்ப விடு!" கூரை அதிர்ந்தது. அடுத்த சுற்றில் முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஈ ஓட்டுகிறான் என்று டக்கி முதலில் கண்டுகொள்ளவில்லை. கை இறங்கவில்லை. ஆல்பி.

ஆல்பி கேட்டதும் மற்றவர்கள் மரியாதைக்கு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஆல்பி எழுந்து, மெல்ல நடந்து போய், தொடையைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சொல்லு ஆல்பி" என்றான் டக்கி.

"என்ன சொல்லணும்?"

"திரும்ப விடுன்னு சொல்லு."

"விட மாட்டேன்."

கிளெனிஸ் பாய்ந்து வந்தாள். "ஏய் கிழவா, பைத்தியமா உனக்கு? அத்தனையும் உப்பு! அதுல ஒரு துண்டு தின்னா என்ன ஆகும் தெரியுமில்ல?"

"திங்கப் போறதில்ல."

"அப்ப எதுக்கு?"

"எனக்காக இதை எத்தனை தரம் வாங்குவாங்க?" ஆல்பி சத்தம் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "லிண்ட்சேக்கு இந்த வருஷம் மழை பொய்ச்சுப் போச்சு. ஷெரில் பப்புக் கூரை ஒழுகுது. போதும். பண்ணுனது போதும். நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அந்த அமைதி மறுபடி விழுந்தது. அதை அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. அதில் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளெனிஸ் அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். டக்கியின் மேசை மேல் தொடை போட்டு வந்த வெள்ளைப் பை கிடந்தது.

"டக்கி" என்று எழுந்தேன். "அந்தப் பை யாரோடது?"

"எந்தப் பை?"

"முன்னாடி கிடக்குதே, துணிப்பை. ஆல்பி தொடையத்தானே எடுத்தான்?"

டக்கி பையைப் பார்த்தான், நெவிலைப் பார்த்தான். நெவில், "நான் ரெண்டையும்தான் ஏலத்துக்குக் குடுத்தேன்" என்றான்.

"அப்ப விடு" என்றேன்.

டக்கிக்குப் புரிந்துவிட்டது. வெறும் பையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். "சுத்தமான பருத்தி! கொஞ்சம் கொழுப்பு வாசனை உண்டு, அதுக்குத் தனி விலை இல்ல! யாரு கேக்குறது?"

நான் கேட்டேன். லிண்ட்சே கேட்டான். நான் ஏற்றினேன். எனக்கு விழுந்தது. ஊரே கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

"திரும்ப விடு!" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது, வெளியே படுத்திருந்த நாய்கள் குரைத்தன.

அதற்குப் பிறகு அந்தப் பை கீழே இறங்கவில்லை. முடிவெட்டுகிற பெண் வாங்கினாள், நெவிலே வாங்கினான், கேரவன்காரர் வாங்கினார். தொடை இதுவரை எந்த வருடமும் போகாத விலைக்கு வெறும் பை போனது. ஆல்பி முகம் சிவந்து, "அதையும் நானே வாங்குறேன்" என்று கையைத் தூக்கினான். கிளெனிஸ் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். "கையக் கீழ போடு. இல்ல, முறிச்சிருவேன்."

லிண்ட்சே பின்னாலிருந்து கத்தினான்: "யோவ் ஆல்பி, வேன் என்ன உனக்கு மட்டுமா? நாளைக்கு என் சிறுநீரகம் போச்சுன்னா உன் மடியில உக்காந்தா ஹார்ஷம் போவேன்?"

"மடியில இடமில்ல, தொடை இருக்கு" என்றாள் ஷெரில்.

மண்டபமே சிரித்தது. ஆல்பி அடக்கித்தான் பார்த்தான். தோள் குலுங்கியது, அப்புறம் மடியிலிருந்த தொடையும் குலுங்கியது. கிளெனிஸ் அவன் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அந்தத் தொடை மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். தேன் எல்லாம் முடியில் ஒட்டிக்கொண்டது.

வேன் பிப்ரவரியில் வந்தது. வெள்ளை நிறம், உள்ளே நல்ல குளிர். தொடையை ஆல்பி ஏலத்துக்கு மறு திங்கட்கிழமையே ஹார்ஷமில் தன்னோடு மிஷினில் படுக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுபோனான். அங்கே படுத்திருக்கிற ஒருத்தருக்கும் உப்பு ஆகாது என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. நர்ஸுகள் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த வருடம் முதியோர் இல்லத்துக்கு நெவில் தனியாக இன்னொன்று கொடுத்தான். தொடை வாங்கி வைத்துக்கொண்டதற்காக ஊர் இனி ஆல்பியைத்தான் "தொடை" என்று கூப்பிடும், எனக்கு விடுதலை என்று நினைத்தேன். அவனுக்குப் "பெரிய தொடை" என்று பெயர் வைத்தார்கள். நான் "சின்னத் தொடை" ஆனேன்.

நான்கு வருடம் ஆல்பி அந்த வேனில் போய் வந்தான். ஒரு வசந்த காலத்தில், கடுகுப் பூ எல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கிறபோது, வீட்டில் தன் கட்டிலில் தூங்கினபடியே போய்விட்டான். அடக்கத்துக்கு நான் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். மேல் பொத்தான் இரண்டும் போட முடியவில்லை. கிளெனிஸ் என்னைப் பார்த்து, "சொன்னேன்ல" என்றாள்.

அதற்குப் பிறகும் இரண்டு ஏலத்துக்குச் சாமான் சேர்த்தாள். நெஞ்சில் நீர் கோத்து, உள்ளூர் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டிலில் படுத்தபோதுதான் நிறுத்தினாள். நான் திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். அவள் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு குடுத்த? உன்ன ஏமாத்திட்டான்" என்றாள். பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"ரயில் பாதை பக்கத்துல லெஸ் இருக்கான்ல, பழைய எலக்ட்ரீசியன்?"

"ஆமா."

"அவனையும் மிஷின்ல போட்டுட்டாங்க. வேன்ல ஏற மாட்டேங்கிறான். ஊர்க் காசுல போக மாட்டானாம். தானே கார் ஓட்டிட்டுப் போறான், திரும்பி வரும்போது தலை சுத்தி ரெண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கிட்டான். ஆல்பி அன்னைக்குத் தொடைய வெச்சுக்கிட்டு உக்காந்தான் பாரு, அதே புத்தி."

"நான் போய் என்ன சொல்றது?"

"உன்ன யாரு பேசச் சொன்னா? நீ பேசுனா வர்றவனும் வர மாட்டான்." திராட்சையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "ஆல்பி சீட்டுல இன்னும் ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்களாம், டிரைவர் சொன்னான். காலியாவே போய் காலியாவே வருதாம். எனக்கு அது பிடிக்கல."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமே இல்லை.

"திங்கக்கிழமை வேன்ல நீயும் ஏறு. லெஸ் வீட்டு வாசல்ல நிறுத்தச் சொல்லு. ஹார்ன் அடிக்க விடாத, அவனுக்குக் கோவம் வரும். இறங்கிப் போய்க் கதவைத் தட்டு. அவன் வெளிய வர்ற வரைக்கும் அங்கேயே நில்லு. கூட்டிட்டு வந்து அந்த ஜன்னல் சீட்டுல உக்கார வை."